ரம்பத்தின் பல்லும் கொச்சித் தேக்கும்

நியூசிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் வீட்டு ஷெட்டைத் திறந்து பார்த்தால் இரண்டு சாமான்கள் கண்ணில் படும். ஒன்று புல் வெட்டும் மெஷின். இன்னொன்று, வீட்டில் விறகடுப்பு இருந்தால், ஒரு சின்ன செயின்சா. முப்பத்தைந்து, நாற்பது சிசி என்ஜின், பதினாலு அல்லது பதினாறு அங்குலப் பட்டை. வாங்கின வருஷம் வாழைத்தண்டை அறுப்பது போல விறகை அறுக்கும். அடுத்த குளிர்காலத்தில் சத்தமும் புகையும் வரும், மரம் மட்டும் நகராது.

அப்போதுதான் எனக்கு ஃபோன் வரும். "நீங்க மெக்கானிக்கல் இன்ஜினியர்தானே, இதை எப்படியாவது வேகமா வெட்ட வைக்க முடியுமா? சைலன்சர்ல ஓட்டை போட்டா பவர் கூடும்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான் பிறந்து வளர்ந்த மட்டாஞ்சேரி வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பதில் சொன்னால் நன்றாகப் புரியும் என்று எனக்கு ஒரு எண்ணம். போகிற வழியில் நாம் இப்போது வாழும் இந்த நாட்டுக்கும் கொச்சிக்கும் இருக்கிற ஒரு பழைய சம்பந்தத்தையும் பார்த்துவிடலாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கொச்சியில் பிறந்த கப்பல்கள்

நியூசிலாந்துத் தமிழர்களுக்கு "தமிழ் மணி" கதை தெரியும். வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1830களில் மாவோரி மக்களிடம் கண்டெடுத்த, தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணி. வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சங்க மலர்களில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அதைப் பற்றிக் கட்டுரை வந்துவிடும்.

கொச்சி சம்பந்தம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1840 ஜனவரி கடைசியில் வில்லியம் ஹாப்சனை சிட்னியிலிருந்து பே ஆஃப் ஐலண்ட்ஸுக்குக் கொண்டுவந்த கப்பல் ஹெரால்ட். பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் போய் மாவோரித் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கியதும் அதே கப்பலில்தான். அந்த ஹெரால்ட் கட்டப்பட்ட இடம் கொச்சி. 1822 நவம்பரில் "டெர்மகன்ட்" என்ற பெயரில் கொச்சியில் நீரில் இறக்கப்பட்டு, 1824ல் பெயர் மாற்றப்பட்ட 28 பீரங்கிப் போர்க்கப்பல் அது.

அது மட்டும் இல்லை. 1834 மார்ச் 20 அன்று வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்கள் தங்களுக்கென்று ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்தபோது, 21 குண்டு முழங்கி மரியாதை செய்த கப்பல் அலிகேட்டர். அதுவும் கொச்சியில் கட்டியதுதான், 1821ல். அதே ஆண்டு தாரனாக்கியில் மாவோரிகள் மேல் பீரங்கி சுட்டதும் அதே அலிகேட்டர்தான். மூன்றாவது கப்பல் சமராங், 1822 ஜனவரி 1 அன்று கொச்சியில் இறங்கி, பின்னால் போர்னியோ பக்கம் கடல் அளக்கப் போனது. மூன்றும் தேக்கில் கட்டியவை.

இங்கிலாந்துக்காரர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்து கப்பல் கட்ட வேண்டும்? நெப்போலியன் போர்களில் அவர்கள் ஊர் ஓக் மரம் போதவில்லை. மலபார்த் தேக்கு ஓக்கைவிட நீடித்து உழைக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இரும்பு ஆணியை அரிக்காது. 1795ல் டச்சுக்காரர்களிடமிருந்து கொச்சி பிரிட்டிஷார் கைக்கு வந்துவிட்டது. 1806ல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளுக்குக் கன்சர்வேட்டராகப் போட்டு, மலபாரிலும் திருவிதாங்கூரிலும் தேக்கைக் கம்பெனியின் ஏகபோகம் ஆக்கினார்கள். சொந்த நிலத்தில் நின்ற தேக்கைக்கூட ஜனங்கள் தொட முடியாது. எதிர்ப்பு முற்றி, சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1823ல் அந்த ஏகபோகத்தை எடுத்துவிட்டார். நம் மூன்று கப்பல்களும் அந்த ஏகபோகத்தின் கடைசி வருஷங்களில் உருவானவை.

தேக்குக் கப்பல் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி ஒன்று உண்டு. 1817ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? ட்ரிங்கோமலி. நம் திருகோணமலைதான்.

குழிக்குள் நின்ற ஆள்

சரி, இதற்கும் ரம்பத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கப்பலுக்கு வேண்டிய பலகை முழுவதையும் மனிதர்கள் கையால் அறுத்தார்கள். அதுதான் சம்பந்தம்.

தேக்கு காட்டில் நிற்கும்போதே அதன் அடியில் சுற்றிலும் பட்டையையும் வெளிக்கட்டையையும் கொத்தி எடுத்துவிடுவார்கள். மரம் நின்றபடியே ஒன்றிரண்டு வருஷம் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும், காய்ந்தால்தான் மிதக்கும். பிறகு வெட்டிச் சாய்த்து, யானை இழுத்து, ஆற்றில் தெப்பமாகக் கட்டிக் கடலோரத்துக்குக் கொண்டுவருவார்கள்.

கரைக்கு வந்த கட்டையைக் குழியின் மேல் அல்லது உயரமான சட்டத்தின் மேல் ஏற்றி வைப்பார்கள். கயிற்றில் கரி தோய்த்து அடித்துக் கோடு போடுவார்கள். ஒருவர் கட்டையின் மேல் நின்று பெரிய ஈர்வாளின் ஒரு முனையைப் பிடிப்பார். இன்னொருவர் கீழே. மேலே நிற்பவர் கோடு பார்க்க வேண்டும், கீழே நிற்பவர் இழுக்க வேண்டும். மரத்தூள் முழுக்கக் கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும்தான் விழும். மலையாளத்தில் ஈர்ச்சவாள் என்பார்கள். ஈர்வாள் என்ற நம் பழைய சொல்லும் அதுவும் ஒரே வேர்தான். நாம் மறந்தோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இப்படி வேலை செய்பவர்களுக்குப் பலம் பெரிய விஷயமாக இருந்திருக்காது. எவ்வளவு பலம் இருந்தாலும் பல் மழுங்கிவிட்டால் அரை அடிகூட நகராது. அதனால் ரம்பத்தின் சரித்திரம் முழுவதும் பல்லின் சரித்திரம்தான். அதில் மூன்று சங்கதி உண்டு.

முதலாவது, பல்லின் வடிவம். நாரோடு நீளவாக்கில் அறுக்கும் பல் உளி மாதிரி இருக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே அறுக்கும் பல் கத்தி மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை. நம் ஊர் ஆசாரியிடம் இரண்டு வகை ரம்பம் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து வைப்பது. ஆசாரிகள் "செட் வைக்கிறது" என்பார்கள். அப்படிச் செய்தால்தான் ரம்பம் போகிற வழி ரம்பத்தின் தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும், இறுக்காது.

மூன்றாவது, தூள் வெளியேற இடம். பெரிய குறுக்கறுவை ரம்பங்களில், வெட்டும் பற்களுக்கு நடுவே கொஞ்சம் குட்டையாக ஒரு பல் வைத்தார்கள். அதற்கு ரேக்கர் என்று பெயர். வெட்டும் பற்கள் இரண்டு பக்கமும் நாரைக் கீறிவிடும், ரேக்கர் நடுவில் இருப்பதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வெளியே தள்ளும். இந்த ஊர்க் கௌரி மரங்களை இரண்டு ஆள் ரம்பத்தில் அறுத்துத் தள்ளிய காலத்துப் படங்களை வடக்குத் தீவு அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை போனால் அந்த ரம்பத்தின் பல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குட்டைப் பல்லும் நெட்டைப் பல்லும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து காட்டுக்கு

சங்கிலியில் பல் வைக்கும் யோசனை காட்டில் பிறக்கவில்லை என்றால் நம்புவீர்களா? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரி இருவரும் எலும்பு அறுப்பதற்கு ஒரு சின்னச் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். எய்ட்கெனின் 1785ஆம் வருஷத்துப் பிரசவ மருத்துவப் புத்தகத்தில் அது இருக்கிறது. குழந்தை வெளியே வர முடியாத பிரசவத்தில் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுக்க, அதுவும் மயக்க மருந்து இல்லாத காலத்தில். 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் கைப்பிடி சுற்றினால் ஓடும் சங்கிலி எலும்பு ரம்பம் ஒன்றைச் செய்தார்.

காட்டுக்கு அது வந்தது 1920களில். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926ல் மின்சாரச் செயின்சாவும், 1929ல் பெட்ரோல் செயின்சாவும் செய்தார். நடுவில் 1927ல் எமில் லெர்ப், டோல்மார் மலையில் தன் பெட்ரோல் செயின்சாவை ஓட்டிக் காட்டினார். எல்லாமே இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். ஒருவரே தூக்கி வேலை செய்யக்கூடிய மெஷின்கள் 1950களில்தான் பரவலாக வந்தன. 1959ல் வந்த ஸ்டில் கோன்ட்ரா 12 கிலோ. இன்று நம் ஷெட்டில் இருப்பது நாலைந்து கிலோ.

என்ஜின் சின்னதானது பாதிக் கதைதான். மீதிப் பாதி ஒரு புழுவின் புண்ணியம். ஆரம்பகாலச் சங்கிலிகளில் பழைய கை ரம்பத்தின் பற்களையே வரிசையாகக் கோத்திருந்தார்கள். மரத்தைச் சுரண்டும், தூளாக்கும், சீக்கிரம் மழுங்கும், தீட்டவே பாதி நாள் போய்விடும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946ல் ஒரு கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்பதைப் பார்த்தார். புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு, நாரோடும் குறுக்கேயும் ஒரே வேகத்தில் போகிறது. அந்தத் தாடையின் வளைவையே இரும்பில் செய்து, ஒரு பல் இடப்பக்கம், ஒரு பல் வலப்பக்கம் என்று சங்கிலியில் மாற்றி மாற்றி வைத்தார். 1947ல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. உங்கள் செயின்சாவின் பல்லைப் பாருங்கள், இன்றும் அந்தப் புழுவின் தாடைதான்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அதுதான் பழைய ரேக்கரின் வாரிசு, பெயரும் ரேக்கர்தான். இப்போது அது சுரண்டுவதில்லை, ஆழத்தை அளக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ் சீவும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கும் பிளேடுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் சிப்ஸின் தடிமன். செயின்சாவில் பல்லின் நுனிக்கும் ரேக்கருக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமாக 0.65 மில்லிமீட்டர். நொடிக்குச் சுமார் இருபது மீட்டர் ஓடும் சங்கிலியின் வெட்டு முழுவதும் இந்த அரை மில்லிமீட்டர்ச் சொச்சத்தில்தான் இருக்கிறது.

மட்டாஞ்சேரிக் கடை

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகுக் கடைக்குக் கணக்கெழுத வந்தவர். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பட்டறை இருந்தது. மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்டு என்ஜினைப் பழுது பார்க்கும் பட்டறை. அதுவும் டூ ஸ்ட்ரோக், செயின்சாவும் டூ ஸ்ட்ரோக். ஆகவே கொச்சிப் பக்கம் செயின்சா பரவியபோது, அதைக் கொண்டுவந்து போட இயல்பான இடம் அந்தப் பட்டறைதான். ரப்பர் மரம் வெட்டுபவர்கள், ஃபோர்ட் கொச்சியில் தூங்குமூஞ்சி மரக் கிளை கழிப்பவர்கள், தென்னை வெட்டுபவர்கள் எல்லாரும் வருவார்கள். இன்ஜினியரிங் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் நான் அங்கேதான் போய் உட்கார்வேன்.

பட்டறைச் சேட்டன் பத்தாவது தாண்டாதவர். செயின்சாவைக் கொண்டுவருகிறவர் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "சேட்டா, பவர் போரா." சேட்டன் என்ஜினைத் தொட மாட்டார். சங்கிலியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார்.

ஒரு தடவை கேட்டேன். "என்ஜினைப் பார்க்கவே இல்லையே சேட்டா?"

"மோனே, தூள் எங்கனெ வருந்நு? பொடியா வருந்நெங்கில் பல்லு போயி. சீவலா வருந்நெங்கில் என்ஜின் நோக்காம்." பொடியாக வந்தால் பல் போயிற்று, சீவலாக வந்தால் என்ஜினைப் பார்க்கலாம். நாலு வருஷம் படித்த படிப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு ஒரு பரிசோதனை முறை சொல்லித் தந்ததில்லை.

அவர் செய்கிற "மாற்றங்கள்" எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கேட்ட நண்பர்களுக்கு இதுதான் பதில்.

ஒன்று: சரியான உருட்டு அரம். சின்ன மெஷின்களின் குறும்பல் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம். அதற்கு அடுத்த அளவுச் சங்கிலிக்கு 4.8. குறுக்கே விறகு வெட்டச் சுமார் 30 டிகிரி கோணம். இடப்பல், வலப்பல் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீளமாக இருந்தால் வெட்டு வளைந்து போகும்.

இரண்டு: பல்லைத் தீட்டத் தீட்டப் பல் தாழும், ரேக்கர் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் ரேக்கர் மரத்தில் தட்டிப் பல்லை மரத்தைத் தொடவே விடாது. ஆகவே நாலைந்து தீட்டலுக்கு ஒரு முறை அளவுத் தகடு வைத்துத் தட்டை அரத்தால் ரேக்கரைக் குறைக்க வேண்டும். ரப்பர் மாதிரி மெதுவான மரத்துக்குச் சேட்டன் ஒரு மயிரிழை கூடுதலாகக் குறைப்பார். காய்ந்த தேக்குக்கும் அயினிக்கும் அளவோடு நிறுத்திவிடுவார். அளவு மீறினால் பல் மரத்தைக் கவ்விக்கொள்ளும், சின்ன என்ஜின் திணறும், பட்டை முகத்துக்கு நேரே எகிறும்.

மூன்று: பட்டையின் நீளம். கடைக்காரர் விற்ற பதினெட்டு அங்குலப் பட்டையை எடுத்துவிட்டுப் பதினாலு போட்டால், இழுக்க வேண்டிய சங்கிலியும் குறையும், உராய்வும் குறையும். குறுகலான வெட்டுப் போடும் மெல்லிய சங்கிலியும் உண்டு. குறைந்த மரத்தைத் தூளாக்கினால் குறைந்த பலம் போதும். மெஷினுக்குப் பலம் கூட்டுவதைவிட அதன் சுமையைக் குறைப்பது மலிவு.

நான்கு: சைலன்சர் ஓட்டை. புகை வெளியேறும் வழியை அகலமாக்கினால் பலம் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் கூடவே கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்டி வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கலவை மெலிந்து, எண்ணெய் போதாமல், பிஸ்டன் சூட்டில் சிக்கிக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வருவதுதான் உயவு எண்ணெய், தனியாகக் கிடையாது. சத்தமும் காதைப் பிளக்கும். சைலன்சரில் இருக்கும் தீப்பொறி வலையை எடுத்துவிட்டால் கோடைக்காலத்தில் காய்ந்த புல்லில் தீப் பிடிக்கலாம். சேட்டன் இதைக் கேட்பவர்களிடம் முதலில் சங்கிலியை ஒழுங்குபடுத்தித் தருவார். பெரும்பாலானவர்கள் திரும்பிக் கேட்பதில்லை.

ஐந்து: எகிறாமல் இருப்பதற்காகச் சில சங்கிலிகளில் வைத்திருக்கும் கூடுதல் மேடுகளையும், கை முன்னால் இருக்கும் பிரேக்கையும் வேகத்துக்காகக் கழற்றுபவர்கள் உண்டு. கை நடுக்கத்தைக் குறைக்கும் ரப்பர்க் கைப்பிடி 1960களிலும், தானே இயங்கும் பிரேக் 1970களிலும் வந்தன. அதற்கு முன் வேலை செய்தவர்களுக்கு அதிர்வினால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோயும், முகத்தில் தழும்பும்தான் மிச்சம். அவர்கள் விலை கொடுத்து வாங்கித் தந்த பாதுகாப்பு அது. அதைக் கழற்றாதீர்கள்.

அரம் தேய்க்க இரும்பு தேய்வதை வள்ளுவர் உட்பகைக்கு உவமையாகச் சொல்லியிருக்கிறார். பட்டறையில் அந்த உவமை வேறு மாதிரி புரியும். பல்லைக் கூராக்குவதும் அரம்தான், பல்லைத் தின்பதும் அரம்தான். ஒரு சங்கிலியின் ஆயுள் சில மில்லிமீட்டர் இரும்பு. மண்ணில் ஒரு தடவை பட்டால் பத்து விறகுக்கான இரும்பு போய்விடும்.

கஜா வந்த வருஷம்

இதையெல்லாம் விறகு வெட்டும் பொழுதுபோக்காக மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. என் மனைவியின் ஊர் பேராவூரணிப் பக்கம். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம், நல்ல காய்ப்புக்கு இன்னும் சில வருஷம். பெண் கல்யாணத்தையும் பையன் படிப்பையும் தென்னையின் பேரில் கணக்குப் போட்டிருந்த வீடுகள் அவை.

விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் புதுக் கன்று வைக்க முடியாது. கிடக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, தப்பி நிற்கும் மரத்தையும் அழித்துவிடும். வண்டுக்கு முந்திக்கொண்டு அறுத்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செயின்சா தேவைப்பட்டது.

தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. தேக்குக்கு உள்ளே வைரம், வெளியே மெது. தென்னைக்கு வெளியேதான் கெட்டி, உள்ளே சோறு. கெட்டியான பகுதியில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. ஈர நார் சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். புயல் வேறு மரத்தில் மண்ணை அப்பியிருந்தது. புதுச் சங்கிலி சில மரங்களிலேயே கூர் போய்விடும்.

மட்டாஞ்சேரிப் பட்டறைக்கு வழக்கமாக வரும் மரம் வெட்டுகிற அண்ணன் ஒருவர் பட்டுக்கோட்டைக்காரர். ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் சேட்டன் அவருடைய மெஷினை மாற்றித் தந்தார். நீளப் பட்டையைக் கழற்றிக் குட்டைப் பட்டை. நுனி கூரான பல் உள்ள சங்கிலிக்குப் பதிலாக முனை உருண்ட பல் உள்ள சங்கிலி. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் மண்ணிலும் மணலிலும் கூர் நிற்கும். ரேக்கரை அதற்குரிய அளவுக்கு மேல் ஒரு இழைகூடக் குறைக்கவில்லை. கையில் மூன்று மாற்றுச் சங்கிலி, ஒரு பெட்டி அரம். "ஓரோ தெங்கு கழிஞ்ஞாலும் அரம் இடணம்", ஒவ்வொரு தென்னைக்கும் பிறகு அரம் போடு, அவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த அண்ணன் பிறகு ஃபோனில் என்னிடம் சொன்னார்: "தம்பி, மெஷின் நல்லாத்தான் வெட்டுச்சு. மரத்துக்காரவுகதான் பக்கத்துல நிக்க மாட்டாம வீட்டுக்குள்ள போயிட்டாக." தான் வைத்து வளர்த்த மரத்தைத் துண்டு போடும் சத்தத்தைக் கேட்க முடியாமல் போனவர்களில் என் மாமனாரும் ஒருவர். ஆனால் அந்த வேலை சீக்கிரம் முடிந்ததால்தான் அடுத்த மழைக்கு முன் அவரால் கன்று வைக்க முடிந்தது.

வேகத்தின் மறுபக்கம்

வேகமாக வெட்டுவது எப்போதும் நன்மைதானா என்றால், சரித்திரம் ஆமாம் என்று சொல்லவில்லை.

1823ல் ஏகபோகம் போனதும் மலபாரில் யார் வேண்டுமானாலும் தேக்கு வெட்டலாம் என்று ஆனது. இருபது வருஷத்தில் நல்ல தேக்கு அரிதாகிவிட்டது. மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோனும் 1840களில் நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்தார்கள். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் கனோலி பிளாட் என்ற பெயரில் நிற்கிறது.

அடுத்து ரயில். கொச்சி ராஜா ராமவர்மா காலத்தில், பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குச் சுமார் 80 கிலோமீட்டருக்கு மலை ஏறி இறங்கும் டிராம்வே போட்டார்கள். 1907ல் ஓட ஆரம்பித்து 1960களின் தொடக்கம்வரை இருந்தது. காட்டில் வெட்டியது என்னவோ கோடாரியும் கை ரம்பமும்தான், ஆனால் இழுத்து வருவது சுலபமானதும் வெட்டும் வேகம் தானாகக் கூடிவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் நம் பொள்ளாச்சி வழியில் டாப்ஸ்லிப். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் நழுவவிட்டதால் வந்த பெயர் அது. அங்கே ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடி தேக்குக் காடு வளர்த்தார். அவர் கல்லறையும் அங்கேயே, அந்தத் தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது.

பிறகு அறுவை மில்லும் செயின்சாவும். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்து 1995ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு இந்தியா முழுவதும் அங்கீகரித்த திட்டம் இல்லாமல் காடு வெட்டுவதைத் தடுத்தது. அனுமதியில்லாத மர மில்கள் மூடப்பட்டன. 2016ல் அவர் காலமானார்.

ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் ஆள் போட்டால் எவ்வளவு மரம் வருகிறது என்று எண்ணிவிடலாம். மில் காலத்தில் மில்லை எண்ணலாம், லைசென்ஸ் கேட்கலாம். நாலு கிலோ செயின்சா நடந்து போகும் இடமெல்லாம் போகும், அதை எண்ணுவது கஷ்டம். கருவி சின்னதாக ஆக ஆக, பொறுப்பு சட்டத்தின் கையிலிருந்து அதைப் பிடித்திருப்பவரின் கைக்கு வருகிறது.

கொச்சி இன்றும் கப்பல் கட்டுகிறது. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் கொச்சியில் கட்டியதுதான், சமராங் இறங்கிச் சரியாக 200 வருஷம் கழித்து. அதில் தேக்கை அறுக்கக் குழியில் யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஹெரால்டுக்காகக் குழியில் நின்றவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பிப்ரவரி 6 லீவுக்கு வைத்தாங்கி போகிறவர்கள் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் கடலோரத்துக் காட்டில் வளர்ந்த மரம் இந்தத் துறைக்கு நமக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. அது கொண்டுவந்த காகிதத்தால் இங்கே சிலருக்கு நாடு கிடைத்தது, சிலருக்கு நிலம் போனது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊருக்கு லீவுக்குப் போகிறவர்கள், வீட்டில் பழைய தேக்குக் கதவோ கட்டிலோ இருந்தால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஈர்வாள் போன தடம் ஏறுமாறான கோடுகளாக விரலில் தட்டும். ஒவ்வொரு கோடும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்த ஒரு இழுப்பு.

செயின்சா கேட்ட நண்பர்களுக்கு: நாலு மில்லிமீட்டர் அரம் ஒன்றும் ரேக்கர் அளவுத் தகடு ஒன்றும் வாங்குங்கள். கையுறை, கண்ணாடி, காது மூடி போட்டுக்கொள்ளுங்கள். தூள் சீவலாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போதும்.